ஆன்டி-அடார்1 ஆன்டிபாடி: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆய்வகக் குப்பியில் ‘ஆன்டி-அடார்1’ என்று எழுதியிருந்தால், அடார்1-ஐ அழிக்கும் மருந்து என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. அது ஓர் ஆன்டிபாடி, அதாவது அந்நியப் பொருளை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதம். அடார்1 என்ற நொதியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒட்டிய இடத்தை நிறமோ ஒளியோ காட்டிக்கொடுக்கும்.

‘அடார்’ என்பது ‘அடினோசின் டிஅமினேஸ் ஆக்டிங் ஆன் ஆர்என்ஏ’ என்பதன் சுருக்கம். இரட்டை இழை ஆர்என்ஏவில் இருக்கும் அடினோசின் என்ற அலகை இது இனோசின் என்ற வேறு அலகாக மாற்றுகிறது. செல் அதை குவானோசின் போலப் படித்துக்கொள்ளும். இந்த ‘எடிட்டிங்’கைத் திருத்தம் என்கிறோம். பிழை இருந்து திருத்துவதில்லை என்பதால் அந்தச் சொல்லும் முழுதாகப் பொருந்தாது. ஆனால் சினிமாவை நினைவூட்டும் ‘தொகுப்பு’க்கு இது மேல்.

சரி, ஆன்டிபாடிக்கு வருவோம். மூலம் ஜெர்மன்: ‘ஆன்டிகோர்ப்பர்’. 1891-இல் ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் எழுதிய கட்டுரையில் இச்சொல் வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பேரிங், கிடசாட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் டிப்தீரியா, டெட்டனஸ் நஞ்சுகளை முறிக்கும் தன்மை ரத்தநீரில் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். அன்று ‘ஆன்டி’ பொருத்தமான முன்னொட்டுதான். பிறகு ஆய்வகம் அதே புரதத்தைக் கண்டறியும் கருவியாக்கிக்கொண்டது; பழைய பெயர் நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘எதிர்ப்பொருள்’. சொல் சிறியது, ஆனால் இயற்பியலில் ஆன்டிமேட்டருக்கும் அதே பெயர்தான். ஈழத்தமிழ் வழக்கான ‘பிறபொருளெதிரி’ நீளமானாலும் என் ஓட்டு அதற்கே. மனித அடார்1-இன் ஒரு துண்டை முயலுக்கு ஊசி மூலம் செலுத்துவார்கள். நமக்குச் சொந்தமான புரதம் முயலுக்குப் பிறபொருள். அதனால்தான் அதன் உடல் இதை உருவாக்குகிறது. செய்முறையே சொல்லுக்குள் இருக்கிறது. ‘அடார்1-க்கான பிறபொருளெதிரி’ என்றால் போதும். ஆங்கிலத்தைப் போல இரண்டு ‘ஆன்டி’ வேண்டியதில்லை.

வாங்கும்போது எந்தத் துண்டுக்கு எதிராக உருவாக்கியது என்றும் பார்க்க வேண்டும். அடார்1-க்கு இரண்டு வடிவங்கள்: பி150, பி110. எண்கள் கிலோடால்டனில் (புரத எடையை அளக்கும் அலகு) தோராயமான எடை. வைரஸ் தாக்கும்போது செல்கள் வெளியிடும் இன்டர்ஃபெரான் தூண்டினால் மிகுவது பி150. இரண்டுக்கும் பொதுவான பின்முனையைப் பற்றும் பிறபொருளெதிரி என்றால் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) இரண்டு பட்டைகள் தெரியலாம். பி150-க்கு மட்டுமே உரிய முன்முனையைப் பற்றுவது என்றால் பி110 கண்ணிலேயே படாது.