சிலிண்டரில் காற்று இருக்க, மூச்சு ஏன் முட்டுகிறது?

சிங்கப்பூரின் தெற்கே உள்ள புலாவ் ஹந்து தீவின் பவளப்பாறைச் சரிவில், 14 மீட்டர் ஆழத்தில், சிலிண்டரில் காற்று தீர்ந்துவிட்டது என்றே நான் நம்பினேன். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சு நிறையவில்லை. அதை வாயிலிருந்து பிடுங்கிவிட்டு மேலே பாய்ந்துவிடச் சொல்லி உடம்பு முழுவதும் துடித்தது. எனக்குத் துணையாக முக்குளித்தவர் என் கையை இறுகப் பிடித்து, ஒரு பாறை இடுக்கில் என்னை நிறுத்தினார். படகில் ஏறிய பிறகு அவர் சொன்னார்: "அக்கா, அந்த நேரத்தில் உங்கள் அழுத்தமானியைப் பார்த்தேன். 120 பார் இருந்தது."

பார் என்பது அழுத்தத்தின் அளவு. 200 பாருடன் இறங்கிய சிலிண்டர் அது. பாதிக்கும் மேல் காற்று மிச்சம். ரெகுலேட்டரிலும் பழுதில்லை. பிறகு எனக்கு மூச்சு முட்டியது எதனால்?

தரையில் வாழும் நமக்கு ஆக்சிஜன் குறைந்தால்தான் மூச்சு முட்டும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் நம் மூச்சைப் பெரும்பாலும் ஆள்வது கரியமில வாயு. இரத்தத்தில் அது சற்றுக் கூடினாலே மூளையைச் சுற்றியுள்ள திரவம் அமிலத்தன்மை அடைகிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கும் உணரிகள் அதைக் கண்டுகொண்டு, 'மூச்சு விடு, இன்னும் வேகமாக விடு' என்று விரட்டுகின்றன. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களை ஒரு கட்டத்தில் மேலே துரத்தியதும் இதே விரட்டல்தான்.

என் கணக்கைப் பாருங்கள். 14 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல 2.4 மடங்கு. ஆகவே நான் இழுத்த ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் 2.4 மடங்கு இருந்தது. தரையில் பாதிக்குப் பாதி ஆக்சிஜன் கலந்த காற்றைச் சுவாசிப்பதற்கு இது சமம். ஆக்சிஜன் பெருகிக் கிடந்த இடத்தில்தான் நான் மூச்சுத் திணறிச் சாகப்போவதாக நடுங்கினேன்.

அந்த ஆழத்தில் காற்றின் அடர்த்தியும் 2.4 மடங்கு. கூழை உறிஞ்சுவதுபோல, அடர்ந்த காற்றை உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் நெஞ்சுத் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். அன்று நீரோட்டம் திரும்பிவிட்டதை நான் கவனிக்கவில்லை. அதை எதிர்த்துக் காலை உதைத்துக்கொண்டே போனேன். உழைத்த தசைகள் கரியமில வாயுவைக் கொட்டின. மூச்சு வேகமானது. வேகமான மூச்சு ஆழம் குறைந்தது. அங்கேதான் வினை தொடங்கியது.

ஒரு மூச்சில் சுமார் அரை லிட்டர் காற்று போகிறது. அதில் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் தொண்டையிலும் மூச்சுக்குழலிலுமே தங்கித் திரும்பிவிடும். நுரையீரலின் காற்றறைகளை அது எட்டாது. நிதானமாக நிமிடத்துக்கு 12 முறை, 500 மில்லிலிட்டர் வீதம் சுவாசித்தால் 6 லிட்டர் போகும், அதில் 4.2 லிட்டர் பயன்படும். அதே 6 லிட்டரைப் பதற்றத்தில் 200 மில்லிலிட்டர் வீதம் 30 முறை இழுத்தால் 1.5 லிட்டர்தான் பயன்படும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், கரியமில வாயுவோ வெளியேறாது. அது தேங்கத் தேங்க மூச்சு இன்னும் வேகமாகும், இன்னும் மேலோட்டமாகும். விட்ட மூச்சு கொஞ்சம் தங்கிவிடும், ரெகுலேட்டருக்குள் இருக்கும் சிறு இடமும் இந்தச் சேதத்தைக் கூட்டுகிறது.

மனதைத் திடப்படுத்திக்கொண்டால் போதும் என்று சொல்பவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். அச்சத்தின் இருப்பிடமாகக் கருதப்படும் அமிக்டலா, மூளையின் இரு பக்கமும் சிதைந்துபோன மூவரை 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். பாம்பையும் சிலந்தியையும் கண்டு அஞ்சாதவர் அவர்களில் ஒருவர். மூவருமே பீதியில் துடித்தார்கள். 2013இல் வெளியான அந்த முடிவைப் படித்தபோதுதான் என் வெட்கம் நீங்கியது. கரியமில வாயு எழுப்பும் பீதிக்கு அமிக்டலாவே தேவைப்படவில்லை. அது கோழைத்தனத்தில் சேராது.

எங்கள் கடல் அந்தப் பீதிக்கு வேறு வழிகளிலும் தீனி போடுகிறது. 'ஹந்து' என்றால் மலாய் மொழியில் பேய். பெயருக்கு ஏற்றாற்போல் அங்கே பச்சை மூட்டத்துக்குள்தான் நீந்த வேண்டும். 1960களில் நம் தென்தீவுகளைச் சுற்றி 10 மீட்டர் வரை கண்ணுக்குத் தெரிந்ததாகக் கடலாய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். நிலமீட்பும் தூர்வாரலும் கிளப்பிய வண்டல் அதை 2 மீட்டர் அளவுக்குச் சுருக்கிவிட்டது. தொடுவானமும் இல்லை, காலடியில் தரையும் இல்லை. எது மேல், எது கீழ் என்று சொல்லக் காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு ஒன்றுதான் மிச்சம். மெதுவான சாய்வை அது எளிதில் தவறவிடும். அந்த நேரத்தில் நான் நம்பியது என் குமிழிகளை. அவை எப்போதும் மேல்நோக்கியே போகும்.

பிறகு கப்பல்கள். உலகின் நெரிசல் மிகுந்த கடல்வழிகளில் ஒன்றின் ஓரத்தில்தான் நாம் முக்குளிக்கிறோம். காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, நீரில் 1,500 மீட்டர் போகிறது. ஒலி ஒரு காதுக்குச் சற்று முன்னும் மறு காதுக்குச் சற்றுப் பின்னும் வந்து சேரும் இடைவெளியை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. நீருக்குள் அந்த இடைவெளி நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குவதால், தொலைவில் போகும் கப்பலின் இயந்திரம் நம் உச்சந்தலைமேல் இரைவதுபோல் கேட்கிறது. எல்லாப் பக்கமிருந்தும் கேட்கிறது. அன்று அந்த இரைச்சல் தொடங்கியதும்தான் என் மூச்சு அறுந்தது.

நான் விரும்பியபடி மேலே பாய்ந்திருந்தால்? 14 மீட்டரில் நுரையீரல் நிறைய 5 லிட்டர் காற்றை அடக்கிக்கொண்டு எழுந்தால், நீர்மட்டத்தில் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும். இரத்தத்தில் காற்றுக் குமிழி புகுந்து மூளையை அடைக்கலாம். நெஞ்சு நிறைய மூச்சை அடக்கியிருந்தால் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய ஆழம்கூட இதற்குப் போதும். முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்கலாம், அவர் தரையில் இழுத்த காற்றையே திரும்பக் கொண்டுவருகிறார். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிப்பவர் அடக்கவே கூடாது. பயிற்சியின் முதல் நாளே இதைச் சொல்லித் தருகிறார்கள், பீதியில் முதலில் மறப்பதும் இதையே.

பாறை இடுக்கில் என்னை நிறுத்தியவர் செய்தது எளிய காரியம். முதலில் என் கால்கள் உதைப்பதை நிறுத்தினார். கரியமில வாயு உற்பத்தி அங்கேயே குறைந்தது. பிறகு தன் கையை நெஞ்சருகே வைத்து, மெல்ல மெல்ல முன்னே நீட்டிக் காட்டினார். நீளமாக வெளியே விடு என்று பொருள். நான் இழுப்பதிலேயே குறியாக இருந்தேன், அவரோ விடச் சொன்னார். முதல் பெருமூச்சு பாதியில் உடைந்தது. இரண்டாவது கொஞ்சம் நீண்டது. ஐந்தாவதோ ஆறாவதோ விட்டபோது அதே ரெகுலேட்டரிலிருந்து காற்று தாராளமாக வந்தது.

கண்ணாடிக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், நகத்தளவு நீலக் கடல் நத்தை ஒன்று பாறையில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓடில்லாத இனம். அந்த இடுக்கில் நின்ற நேரம் முழுவதும் அது அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும்.