வஞ்சிரத்துக்குக் கொடுத்த 700 ரூபாய் எப்படி 2,700 ஆனது?

மூன்று வருடமாக எக்செல்லில்தான் வீட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் மளிகைக்கு மொத்தம் எவ்வளவு என்று வடிகட்டிப் பார்த்தால் 1,840 ரூபாய் என்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாலு பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு அது பத்து நாளைக்குக்கூடக் காணாது. தோண்டிப் பார்த்தால், நான் 'மளிகை' என்றும், மனைவி 'மளிகை சாமான்' என்றும், அவசரத்தில் யாரோ 'அண்ணாச்சி கடை' என்றும் அடித்திருக்கிறோம். நமக்கு மூன்றும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? அதனால் எக்செல்லை விட்டுவிட்டு எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மாறினேன்.

தகவலைத் தனித்தனி டேபிள்களாகப் பிரித்து, அவற்றில் உள்ள மதிப்புகளை வைத்தே ஒன்றோடொன்று கோக்கலாம் என்று 1970-இல் எழுதியவர் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட். என் வீட்டுக்கு மூன்று டேபிள் போதுமாக இருந்தது. 'கணக்குகள்' டேபிளில் வங்கிக்கு 1, கைரொக்கத்துக்கு 2, மளிகைக்கு 3, மீனுக்கு 4. 'பரிவர்த்தனைகள்' டேபிளில் தேதியும் ஒரு குறிப்பும். பணம் இருப்பது 'வரிகள்' (டாக்ஸ் இல்லை, கணக்கு நோட்டில் எழுதுகிற வரிகள்) டேபிளில்: எந்தப் பரிவர்த்தனை, எந்தக் கணக்கு, எத்தனை பைசா. மளிகை என்ற சொல் ஒரே இடத்தில்தான் இருக்கும், மற்ற எல்லா இடத்திலும் வெறும் 3. தவறி 9 என்று அடித்தால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று மறுத்துவிடும், இதுதான் ஃபாரின் கீ. (எஸ்க்யூலைட்டில் இந்தக் காவல் பொதுவாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் நாம்தான் போட்டுவிட வேண்டும். இது தெரியாமல் இரண்டு வாரம் குப்பை சேர்த்தேன்.)

ரூபாயில் எழுதாமல் பைசாவில் எழுதுவது ஏன் என்றால், கம்ப்யூட்டர் 0, 1 மட்டும் வைத்து எழுதுகிற இரும எண்ணில் பத்தில் ஒன்றை முழுசாக எழுத முடியாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் தசம எண்களாகக் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வந்து நிற்கும். முழு எண்ணில் அந்த வம்பு கிடையாது.

சரி, மீனுக்கு வருவோம். ஏடிஎம்மில் 2,000 எடுத்ததை எக்செல்லில் செலவு என்று எழுதினேன், அப்புறம் முதுநகர் துறைமுகத்தில் 700 ரூபாய்க்கு வஞ்சிரம் வாங்கியதையும் செலவு என்று எழுதினேன். ஆக 2,700 போய்விட்டதாகக் கணக்கு. இப்போது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் குறைந்தது இரண்டு வரி: வங்கி −2,000, கைரொக்கம் +2,000, பிறகு கைரொக்கம் −700, மீன் +700. ஒரு பரிவர்த்தனையின் வரிகளைக் கூட்டினால் சுழியம் வர வேண்டும். 1494-இல் வெனிசில் லூக்கா பசியோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் அச்சிட்டு வெளியிட்ட இரட்டைப் பதிவு முறைதான், புதுசு ஒன்றுமில்லை.

முதல் வரி ஏறி, இரண்டாவது ஏறுவதற்குள் கரண்ட் போனால்? தானே புயலைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இந்தக் கேள்வி முதலிலேயே வரும். இரண்டையும் பிகின் (தொடங்கு), கமிட் (உறுதி செய்) என்ற இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் வைத்துவிட்டால், எஸ்க்யூலைட் தன் கோப்பில் மாற்றப்போகும் பக்கங்களின் பழைய நகலை முதலில் தனிக் கோப்பில் எழுதிக்கொள்கிறது. பாதியில் அணைந்தால், அடுத்த முறை திறக்கும்போது அந்த நகலை வைத்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஏறினால் இரண்டும் ஏறும், இல்லாவிட்டால் இரண்டுமே ஏறாது.

மீதி எவ்வளவு என்பதை நான் எங்கேயும் எழுதிவைப்பதில்லை. கேட்கும்போதெல்லாம் வரிகளைக் கூட்டிச் சொல்லும். அன்றைக்குக் கைரொக்கம் 1,300 என்றது, பர்ஸில் 1,250 இருந்தது. மீதி 50, பாண்டிக்குப் போய்வந்த பஸ் டிக்கெட்டுகளாகச் சட்டைப் பையில் கசங்கிக் கிடந்தது.