பெட்டியும் மூச்சு விடும்: மலையகத்து ஜியோகேஷ் பொருட்கள் ஏன் பாழாகின்றன?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “ஜியோகேஷ் பெட்டிகளில் தொடக்கத்தில் நல்ல நல்ல பொருட்கள் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்துப் போனால் துருப்பிடித்த சாவிக்கொத்தும் ஒட்டிப்போன ஸ்டிக்கரும் நனைந்த கொப்பியும்தான் மிச்சம். வருகிறவர்கள் நல்லதை எடுத்துக்கொண்டு குப்பையைப் போட்டுவிட்டுப் போகிறார்களா? நானும் ஒரு பெட்டி வைக்கப்போகிறேன். எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பக்கெற் ஒன்றை அதில் வைக்கலாமா?”

ஒளித்துவைத்த பெட்டியை ஜி.பி.எஸ். ஆள்கூறுகளை வைத்துத் தேடும் இந்த ஜியோகேஷ் விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சைகையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் ஆள்கூறுகளை இணையத்தில் அறிவித்தார். விளையாட்டின் விதி ஒன்றுதான்: பெட்டியைக் கண்டுபிடி, கொப்பியில் பெயர் எழுது, ஒரு பொருளை எடுத்தால் அதே பெறுமதியுள்ளதோ கூடியதோ ஒன்றை வை.

ஆட்களின் பங்கு இல்லாமல் இல்லை. 500, 400, 300, 200, 100 ரூபா பெறுமதியான ஐந்து பொருட்கள் உள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1500. வருகிற ஒவ்வொருவரும் இருப்பதில் சிறந்ததை எடுத்து, அதில் பாதிப் பெறுமதியுள்ளதை வைக்கிறார். முதலாமவர் போனதும் 1250. அடுத்தடுத்து 1050, 900, 775. ஐந்தாவது ஆள் திரும்பும்போது 675. ஐந்து பேரில் பாதிக்கு மேல் போய்விட்டது, யாரும் திருடவில்லை. நல்ல நாணயம் பெட்டகத்துக்குள் போக, தேய்ந்த நாணயமே கடைத்தெருவில் சுற்றும் என்ற கிரெஷாமின் விதிக்கு இது உறவுமுறை. எடுக்காமல் பெயரை மட்டும் எழுதிவிட்டு வருகிறவர் பெட்டிக்கு எந்த நட்டமும் செய்வதில்லை. அப்படி வருவது முழு மரியாதையான வழக்கம்தான்.

ஆனால் நுவரெலியா, ஹட்டன், ஹப்புத்தளைப் பெட்டிகளைப் பொறுத்தவரை ஆட்கள் மேல் பழிபோடுவதற்கு முன் தண்ணீரைப் பிடித்து விசாரிக்க வேண்டும். நல்ல பொருளை ஒருவர் வைத்தாலும் மூன்று மாதத்தில் அதைக் குப்பையாக்குவது தண்ணீர்தான். பூஞ்சணம் பிடித்த பெட்டியைத் திறக்கிறவர் தன் பையில் உள்ள நல்லதை வெளியே எடுக்கமாட்டார். மேலே சொன்ன சறுக்கல் தொடங்குவது அங்கேதான்.

“நன்றாக மூடிய பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போகும்?” இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் விடை அத்தனை அழகானது.

கண்டியில் வாங்கிய முறுக்குப் பக்கெற் றம்பொடை வளைவுகளில் ஏறும்போது பலூன் போல ஊதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்டி உயரத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ 95 கிலோபஸ்கால். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஏறத்தாழ 81. வெளியே அமுக்கம் குறையக் குறைய உள்ளே அடைபட்ட வளி தள்ளிக்கொண்டு விரிகிறது. பக்கெற்றுக்கு இது பயணத்தில் ஒரு தடவை நடக்கிறது. பாறையிடுக்கில் கிடக்கும் பெட்டிக்கோ, வெப்பநிலை மாற்றத்தால், நாள்தோறும் நடக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு லீற்றர் பெட்டி. பகலில் வெயில் பட்டு 25 பாகை செல்சியஸ், விடியற்காலையில் 10 பாகை. மூடி கொஞ்சம் கசியக்கூடியது என்றால், பகலில் 50 மில்லிலீற்றர் அளவு வளி வெளியே போகும். இரவில் அதே அளவு உள்ளே வரும். பெட்டி மூச்சு விடுகிறது. உள்ளே வரும் இரவு வளி முழுக்க நிரம்பலாவி (அந்த வெப்பநிலையில் வளி தாங்கக்கூடிய உச்ச அளவு ஆவி) கொண்டது என்றே வைத்தாலும், 10 பாகையில் ஒரு லீற்றர் வளியில் இருக்கும் நீராவி 9.4 மில்லிகிராம்தான். 50 மில்லிலீற்றரில் அரை மில்லிகிராம். ஓராண்டு முழுக்க இப்படியே சேர்ந்தாலும் நாலு சொட்டுத் தண்ணீர் தேறாது.

அப்படியானால் பெட்டி ஏன் குளமாகிறது? மூடி நன்றாக இறுகியிருந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். வளி உள்ளே வரமுடியாது. அதற்குப் பதில் பெட்டிக்குள் அமுக்கம் இறங்கும். 15 பாகை குளிர்ச்சிக்கு, நுவரெலியா உயரத்தில், ஏறத்தாழ 4 கிலோபஸ்கால். தண்ணீர் உயரமாகச் சொன்னால் 40 சென்ரிமீற்றருக்கு மேல். அதாவது மூடியின் ரப்பர் வளையத்தைச் சுற்றிப் பனியோ மழையோ மெல்லிய படலமாக நின்றால், பெட்டியை 40 சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்த அதே விசையோடு அந்தப் படலம் உள்ளே உறிஞ்சப்படும். ரப்பரில் ஒரு தலைமுடியோ மணலோ சிக்கியிருந்தால் போதும். விடிந்து வெயில் ஏறியதும் பெட்டி வளியை வெளியே தள்ளும், குடித்த தண்ணீரைத் தள்ளாது; அது அடியில் கிடக்கிறது. மறுநாள் இரவு அடுத்த மிடறு. வளியாக வந்தால் ஆண்டுக்கு நாலு சொட்டு. திரவமாக வந்தால் ஒரே இரவில் பல மில்லிலீற்றர். வேறுபாடு முழுக்க, மூடி குளிரும் நேரத்தில் அதன் விளிம்பில் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது.

இதனால்தான் குழாயடியில் பெட்டியை அமிழ்த்திப் பார்த்து “நீர் புகவில்லை” என்று முடிவு செய்வது ஏமாற்றும். அந்தச் சோதனையில் பெட்டியும் தண்ணீரும் ஒரே வெப்பநிலை, உறிஞ்சல் இல்லை. இப்படிச் செய்து பாருங்கள். ஒரு ரிசுத் தாளில் (கைதுடைக்கும் மெல்லிய தாள்), தண்ணீர் பட்டால் கலையும் மைப்பேனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். மூடியைத் திறந்தபடியே பத்து நிமிடம் வெயிலில் வைத்து, சூடாக இருக்கும்போதே மூடி, குளிர்ந்த தண்ணீர் வாளியில் கல்வைத்து அமிழ்த்தி அரை மணி நேரம் விடுங்கள். வெளியே எடுத்து, நன்றாகத் துடைத்த பிறகு திறவுங்கள். கோடு ஓரிடத்திலாவது கலைந்திருந்தால் அந்தப் பெட்டி மலையகத்துக்கு ஆகாது. நாலு பக்கமும் கொளுவி உள்ள, சிலிக்கன் வளையம் கழற்றிக் கழுவக்கூடிய சாப்பாட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் தேறும். ஐஸ்கிறீம் பெட்டி ஒருபோதும் தேறாது.

இன்னொரு வழியாலும் தண்ணீர் வருகிறது. அதை நாமே கையோடு கொண்டுபோகிறோம். 40 கிராம் எடையுள்ள சின்னக் கொப்பி ஒன்று, சாரீரப்பதன் 50 சதவீதமாக உள்ள அறையில் தன் எடையில் 7 சதவீதம் அளவு நீரைப் பிடித்துவைத்திருக்கும். மூடுபனி நாட்களில் 90 சதவீத ஈரப்பதனில் கிடந்தால் அது 13 சதவீதத்தை எட்டும். வித்தியாசம் ஏறத்தாழ இரண்டரைக் கிராம். பெட்டியில் அடைபட்ட ஒரு லீற்றர் வளியோ, 15 பாகையில் நிரம்பி நின்றாலும், 13 மில்லிகிராம்தான் தாங்கும். காய்ந்தது போலத் தோன்றும் கொப்பிக்குள், பெட்டி வளியில் இருப்பதைப்போல இருநூறு மடங்கு தண்ணீர் ஒளிந்திருக்கிறது. மரப் பொம்மை, துணிப் பை, நூல் கயிறு எல்லாம் இதே சாதி.

பகலில் சூடேறியதும் கொப்பி அந்த நீரை ஆவியாக விடுகிறது. இரவில் முதலில் குளிர்வது மூடி. அது வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்க்கிறது. துகள் உறைபனி விழும் தை, மாசி இரவுகளில் இது இன்னும் கடுமை. மூடியின் உட்புறம் பனிபடுநிலைக்கு (ஆவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே இறங்க, ஆவி அங்கே ஒடுங்கித் துளியாகி, கீழே இருக்கும் பொருட்கள் மேல் சொட்டுகிறது. பெட்டிக்குள் மழை! கப்பலில் போகும் கொள்கலன்களிலும் கூரையின் உட்புறம் வியர்த்துச் சரக்கில் சொட்டும். தேயிலை ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு அந்தக் கவலை நன்றாகத் தெரியும். அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயத் தகடு ஒட்டியதும் தேயிலையை ஈரத்திலிருந்து பிரித்துவைக்கத்தான்.

எனவே பெட்டிக்குப் பொருள் தேர்ந்தெடுக்கும்போது, விலையைப் பார்ப்பதற்கு முன் அது நீர் குடிக்குமா என்று பாருங்கள். கண்ணாடிக் குண்டு, பித்தளை மணி, கறையில் உருக்கு (ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்) கரண்டி, நல்ல பிளாத்திக்கு வாகனப் பொம்மை ஆகியவை வருடக்கணக்கில் நிற்கும். சாதாரண இரும்பு, ஈரப்பதன் 60 சதவீதத்தைத் தாண்டினாலே வேகமாகத் துருப்பிடிக்கும். அதோடு பித்தளை ஒட்டிக் கிடந்தால், ஈரம் இரண்டையும் ஒரு சின்ன மின்கலமாக்கி இரும்பை இன்னும் விரைவாக அரிக்கும். உலோகப் பொருள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சின்னப் பையில் இருக்கட்டும். அழிறப்பரைப் பிளாத்திக்குப் பொருளோடு போடாதீர்கள்: அழிறப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்க்கை மெல்ல இடம்பெயர்ந்து பிளாத்திக்கைக் கரைக்கிறது. பாடசாலைப் பெட்டியில் அளவுகோலோடு ஒட்டிப்போன அழிறப்பரைப் பார்க்காதவர் உண்டா? மெழுகுக் கலர் வெயிலில் உருகும். பற்றரி கசிந்து காரம் எல்லாவற்றையும் கெடுக்கும். லமினேற் செய்த படம் நல்ல பொருள்தான், ஆனால் தாளின் விளிம்போடு சேர்த்து வெட்டினால் அந்த வெட்டு வாயாலேயே தாள் தண்ணீர் உறிஞ்சும். சுற்றிவர 5 மில்லிமீற்றர் வெறும் பிளாத்திக்கு விட்டு வெட்டுங்கள். கொப்பிக்குத் தனிப் பை, பேனைக்குப் பதில் பென்சில்.

ஈரம் உறிஞ்ச ஒரு பிடி அரிசி போடும் பழக்கம் இங்கே நிறைய உண்டு. உப்புப் போத்தலில் போடுவது போலத்தான். ஆனால் கடையில் வாங்கும் அரிசியிலேயே 13 சதவீதம் அளவு நீர் இருக்கிறது. அது உலர்ந்த கொப்பிக்குத் தன் ஈரத்தைக் கொடுக்கவும் கூடும், எலியை அழைக்கவும் கூடும். சிலிக்கா ஜெல் 10 கிராம் போடுங்கள். பயனுள்ள எல்லைக்குள் அது ஏறத்தாழ 2 கிராம் தண்ணீரைப் பிடிக்கும். கொப்பி கொண்டுவந்த ஈரமே அதைத் தீர்த்துவிடும் என்பதைக் கவனியுங்கள். அதனால் வைக்கப்போகும் கொப்பியையும் மரப் பொருளையும் முதலில் வீட்டிலேயே ஒரு மூடிய போத்தலில் வேறு சிலிக்கா ஜெல்லோடு மூன்று நாள் உலர்த்திவிட்டு, பிறகு பெட்டிக்குப் புதியதைப் போடுங்கள். பழையதைப் பையிலிருந்து கொட்டி 120 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் வேலை செய்யும். நீலம் இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ற்று உப்பு இருப்பதால், பிள்ளைகள் திறக்கும் பெட்டிக்கு அது வேண்டாம். செம்மஞ்சள் வகை கிடைக்கும்.

பெட்டியை வைக்கும் இடத்தில் கொண்டுபோய்த் திறந்து, அந்த உயரத்து வளியோடு மூடுங்கள். நேர் வெயில் படாத இடம் தேடுங்கள்: பகல் இரவு வித்தியாசம் 15 பாகையிலிருந்து 5 பாகையாகக் குறைந்தால் உறிஞ்சும் விசை 14 சென்ரிமீற்றருக்கு இறங்கிவிடும். அடியில் இரண்டு கல், மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒரு தட்டைக் கல் கூரை. மே மாதம் தென்மேல் பருவக்காற்று இறங்குவதற்கு முன் ஒரு தடவையும் ஒக்ரோபரில் ஒரு தடவையும் போய் ரப்பர் வளையத்தைத் துடையுங்கள்.

பாறையிடுக்கில் மணியும் நாணயமும் நூல் சுற்றிய பொம்மையும் உள்ள பெட்டி கிடைத்தால், தோட்டத்தில் பலருக்கு முதலில் தோன்றுவது செய்வினை. ஒரு பெட்டிக்குள் செய்வினை இருக்கமுடியும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் வாக்குவாதம் செய்து பெட்டியைக் காப்பாற்ற முடியாது. உள்ளே இருப்பது தெரியும் பெட்டியாக எடுத்து, மூடியில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் காப்பாற்றலாம். முனியாண்டி மரத்தடி, மாடசாமி கல்லடி வேண்டாம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, கேட்பாரற்ற பெட்டி பாதுகாப்புப் படையினருக்கும் வேறு பொருள் தரும். புகையிரத நிலையம், பாலம், வழிபாட்டிடம் பக்கம் வைக்காதீர்கள், இராணுவப் பச்சை நிறப் பெட்டியும் கூடாது. தோட்ட நிர்வாகத்திடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. அங்கே பெட்டியே வேண்டாம். பெட்டி இல்லாமல் நிலவியலைப் பார்த்து விடை எழுதும் ஜியோகேஷ் வகையும் உண்டு, அந்த இடத்துக்கு அது பொருந்தும்.

மேலே சொன்ன ரிசுத் தாள் சோதனைக்குச் செலவு நூறு ரூபாகூட இல்லை. நிரம்பலாவி அமுக்கத்தைக் கரும்பலகையில் மட்டும் படிக்கும் நம் பெருந்தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, மலையகமே ஓர் ஆய்வுகூடமாக வெளியே கிடக்கிறது. ஓர் ஈரப்பதமானியும் நாலு பெட்டியும் வாங்கக்கூட நிதி ஒதுக்கப்படாத பாடசாலைகள் இருப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

தேயிலைக்கு வருவோம். தொழிற்சாலையிலிருந்து வரும் தேயிலையில் 3 சதவீதம் அளவே நீர். அத்தனை காய்ந்த இலை, கிடைக்கும் ஈரத்தையெல்லாம் குடிக்கும். 50 கிராம் பக்கெற் ஒன்று பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லைப் போல வேலை செய்து, கொப்பியையும் மற்றப் பொருட்களையும் காப்பாற்றிவிட்டு, தான் மட்டும் கெட்டுப்போகும். எடுத்துப்போகிறவர் ஊற்றிக் குடித்தால் உங்கள் தோட்டத்தின் பெயர் என்னாவது? அதோடு உணவுப் பொருள் எதையும் பெட்டியில் வைப்பதில்லை என்பது விளையாட்டின் பொது விதி; காட்டுப்பன்றியும் குரங்கும் மணத்தைப் பிடித்துப் பெட்டியையே கடித்துத் திறக்கும். கொழுந்து கிள்ளும் கையின் படமொன்றை, அந்த 5 மில்லிமீற்றர் விளிம்பு விட்டு, லமினேற் செய்து வையுங்கள். பின்பக்கத்தில் அந்தத் தேயிலையை எத்தனை நிமிடம் ஊறவிட வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.