எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர் கர்ப்பமானால்: 18,000 ரூபாயும் சர்க்கரைத் தண்ணீரும்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து பெங்களூரு போய், இரைப்பையைச் சுருக்கியோ குடலை மாற்றி இணைத்தோ செய்யும் எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்களில் சிலர் அதை மாமியார் வீட்டில்கூடச் சொல்வதில்லை. அது அவரவர் விருப்பம், ஆனால் நாள் தள்ளிப்போன பிறகு உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் மட்டும் மறைக்காதீர்கள். "சொன்னால் அரசின் மகப்பேறு நிதியுதவி கிடைக்காதோ?" என்று பயம் வேண்டாம், அப்படி ஒரு விதியே கிடையாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். 12 வாரத்துக்குள் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். பணம் தேவையில்லை என்கிற வசதியானவர்களுக்கும் இந்த எண் வேண்டும், பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பவர்களுக்கு 26 வாரம் வரை சம்பளத்தோடு பேறுகால விடுப்பு தனியாக உண்டு, ஆபரேஷனை வைத்து அதைக் குறைக்க முடியாது.

சரி, செவிலியரிடம் ஏன் சொல்ல வேண்டும்? முதல் காரணம் சர்க்கரைத் தண்ணீர். கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் செய்தவர் அதைக் குடித்தால் சர்க்கரை ஒரேயடியாகக் குடலுக்குள் இறங்கி, வியர்த்துக் கொட்டி, படபடத்து, மயக்கமே வரலாம். வரிசையில் நிற்கும் மற்றவர்கள் "காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வாரம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் விரலில் குத்திப் பார்க்கும் முறை இருக்கிறது, அதைக் கேளுங்கள். பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழத்தையும் ஒரே மூச்சில் காலி செய்யாமல் ஒன்றிரண்டாகச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று மாத்திரை. எல்லோருக்கும் கொடுக்கிற இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் இவர்கள் உடம்பில் சரியாக ஒட்டாது. பி12, வைட்டமின் டி குறைவதும் சகஜம். ரத்தம் ஏறவில்லை என்றால் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள், அதுவும் இலவசம்தான். மாதாமாதம் 9ஆம் தேதி சிறப்பு மருத்துவர் பார்க்கும் இலவச முகாம் நடக்கும், அன்று பெங்களூரு டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். என்ன ஆபரேஷன், எந்த மாதம், எந்த வருடம் என்பது அதில்தான் இருக்கும். தேவைப்பட்டால் அங்கிருந்தே தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

இன்னும் கர்ப்பமாகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது 12 முதல் 18 மாதம் பொறுக்கச் சொல்வார்கள், எடை வேகமாக இறங்கும் காலத்தில் வயிற்றுப் பிள்ளைக்கும் சத்து பத்தாது. ஆனால் சினைப்பை நீர்க்கட்டியால் வருடக்கணக்கில் குழந்தை இல்லாமல் இருந்தவருக்கு எடை இறங்கியதும் மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடலாம். "எனக்கெல்லாம் எங்கே தங்கப்போகிறது" என்று அசட்டையாக இருப்பவர்கள்தான் இதில் மாட்டுவது. பைபாஸ் செய்தவருக்குக் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, காப்பர் டி அரசு மருத்துவமனையில் காசில்லாமல் போடுகிறார்கள். அந்த 12 முதல் 18 மாதத்துக்குள் கர்ப்பமாகிவிட்டாலும் பதற வேண்டாம், கலைக்க வேண்டிய அவசியமும் இல்லை, சீக்கிரமே போய்ப் பதிவு செய்து கூடுதலாகக் கவனித்துக்கொண்டால் போதும்.

அப்புறம் வயிற்று வலி. பைபாஸ் செய்த கர்ப்பிணிக்குக் கடுமையான வலி வந்து வாந்தியும் சேர்ந்தால் வாயு என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், குடல் உள்ளே பிசகிச் சிக்கியிருக்கலாம். 108ஐக் கூப்பிடுங்கள், வண்டியில் ஏறும்போதே ஆபரேஷன் செய்த விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், மாமியார் பக்கத்தில் இருந்தாலும்.