44,100க்கும் 48,000க்கும் இடையில் காணாமற்போகும் சமிக்ஞைகள்

மலையகத்தில் டிஜிட்டல் முறையில் அமெச்சூர் வானொலி இயக்குபவர்களுக்கு ஒரு சமாதானம் எப்போதும் கைவசம் இருக்கிறது. எதுவும் பிடிபடாவிட்டால், எதிரே நிற்கும் மலையைக் காட்டிவிடலாம். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பள்ளத்துக்குள் வீடு அமைந்தவர்களுக்கு அது பல வேளைகளில் உண்மையும்கூட. 144 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் ஒரு முகடு குறுக்கிட்டாலே அப்பால் இருப்பவரின் குரல் கேட்காது. ஆனால் வரும் சமிக்ஞைகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் கணினியின் நீர்வீழ்ச்சித் திரையில் கோடுகள் தெளிவாக விழுந்துகொண்டிருக்க, அவற்றில் ஒன்றுகூட எழுத்தாக மாறவில்லை என்றால், அலை மலையைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அன்டெனாவை உயர்த்துவதில் பயனில்லை. கணினி திருத்துவதைத் தொழிலாகக் கொண்ட என்னிடம், 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அமெச்சூர் அழைப்புக்குறி வைத்திருக்கும் நண்பர்கள் இந்த நிலையில் கொண்டுவரும் மடிக்கணினிகளில் நான் முதலில் பார்ப்பது இரண்டே விடயங்களைத்தான். ஒன்று கடிகாரம், குறுஞ்செய்திகளைச் சுருதிகளாக்கி அனுப்பும் எஃப்டி8 முறையில் கணினியின் நேரம் ஓரிரு வினாடிக்கு மேல் பிசகினாலே எதுவும் வாசிக்கப்படாது. அது சரியாக இருந்தால், அடுத்தது மாதிரியெடுப்பு வீதம்.

வானொலியிலிருந்து வரும் ஒலியை ஒலி அட்டை ஒரு வினாடிக்கு இத்தனை தடவை அளந்து எண்களாக்குகிறது. அந்த எண்ணிக்கையை மென்பொருள் தானாகக் கண்டறிவதில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை நம்புகிறது. எஃப்டி8 சமிக்ஞைகளை வாசிக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள் 48,000 என்ற வீதத்தில் ஒலியை வாங்கி, அதை நான்கால் வகுத்து, 12,000இல் தன் கணக்கைச் செய்கிறது. 44,100ஐ 12,000ஆல் வகுத்தால் 3.675 என்று வருவதிலிருந்தே, அந்த எண் இந்த வேலைக்கு ஏன் ஒத்துவராது என்பது விளங்கும். உண்மையில் 44,100 என்பது வானொலிக்காகப் பிறந்த எண்ணே அன்று. ஆரம்ப காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில் பதிந்தபோது, தொலைக்காட்சிப் படத்தின் கோடுகளுக்குள் அடங்கும்படி அமைந்த எண் அது. 294 கோடுகள், வினாடிக்கு 50 புலங்கள் (அரைப் படங்கள்), கோட்டுக்கு 3 மாதிரிகள் என்று பெருக்கினால் அதுவே விடையாக வரும். சிடி இசைத்தட்டு அதை நிலைநிறுத்திவிட்டது, கணினிகள் இன்னும் அதைச் சுமந்து திரிகின்றன.

44,100இல் அளக்கப்பட்ட ஒலியை மென்பொருள் 48,000 என்று நம்பி வாசித்தால், ஒவ்வொரு சுருதியும் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் உயர்ந்துவிடும். எஃப்டி8 சமிக்ஞையில் எட்டுச் சுருதிகள் 6.25 ஹேர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் 0.16 வினாடி நீடிக்கிறது, இத்தகைய 79 குறியீடுகள் சேர்ந்து 12.64 வினாடியில் ஒரு செய்தி முடிகிறது. பிழையான வீதத்தில் அந்த இடைவெளி 6.80 ஹேர்ட்ஸாக விரிய, குறியீட்டின் நீளம் 0.147 வினாடியாகச் சுருங்குகிறது. கண்ணுக்கு அந்தக் கோடு முன்போலவே தெரியும். மென்பொருளுக்கு அது அந்நிய மொழி. இந்தப் பழுது இவ்வளவு காலம் மறைந்திருப்பதற்குக் காரணம், திரை அழகாகவே இருப்பதுதான்.

இதைச் சந்தேகமின்றி உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. எந்தக் கருவியும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. சீனாவின் பிபிஎம் நேர நிலையம் 5, 10, 15 மெகாஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. வானொலியை மேல்பக்கப் பட்டை முறையில் (திருப்பிய எண்ணுக்கு மேலே உள்ள வித்தியாசம் சுருதியாகக் கேட்கும் முறை) 9.999 மெகாஹேர்ட்ஸுக்குத் திருப்பினால், 10 மெகாஹேர்ட்ஸின் காவி அலை, அதாவது நிலையத்தின் அடிப்படை அலை, 1,000 ஹேர்ட்ஸ் சுருதியாக நீர்வீழ்ச்சியில் விழ வேண்டும். அது 1,040இல் விழுந்தது என்றவுடன் கணினியைக் குற்றஞ்சாட்டிவிடக் கூடாது, ஏனெனில் பழைய வானொலிகளின் அலைவரிசையே அந்த அளவு விலகியிருக்கக்கூடும். ஆகவே உடனே 9.998க்குத் திருப்பி இன்னொரு முறை பார்க்க வேண்டும். வானொலியின் விலகல் இரண்டு அளவீட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் சரியாக 1,000 ஹேர்ட்ஸ் இருந்தாக வேண்டும். அந்த வித்தியாசம் 1,088 என்று வந்தால், 44,100இல் வந்த ஒலி 48,000 என்று வாசிக்கப்படுகிறது. 919 என்று வந்தால் நிலைமை தலைகீழ். பிபிஎம் கேட்காத நேரங்களில் மத்திய அலையில் ஒலிக்கும் எந்த நிலையத்தின் காவி அலையை வைத்தும் இதைச் செய்யலாம். அலைவரிசையின் துல்லியம் இங்கே முக்கியமில்லை, வித்தியாசம் மட்டுமே முக்கியம்.

சோதனை பிழையைக் காட்டினால், அந்த எண் ஒளிந்திருக்கக்கூடிய இடங்களைத் தேட வேண்டும். விண்டோஸில் ஒலிக் கட்டுப்பாட்டுக்குள் சென்று, பதிவுசெய்யும் சாதனத்தின் பண்புகளில் மேம்பட்ட பக்கத்தைத் திறந்தால் இயல்பு வடிவம் என்று ஒன்று இருக்கும். பதிவுக்கும் ஒலிப்புக்கும் அதைத் தனித்தனியாக 48,000 ஹேர்ட்ஸ், 16 பிட் என்று வைக்க வேண்டும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுபவர்களே அதிகம். ஒலி மேம்பாடுகள் என்ற பெயரில் இருப்பவை எல்லாவற்றையும் அதே கையோடு அணைத்துவிடலாம். விண்டோஸ் பெரும்பாலும் வீத வேறுபாட்டைத் தானே மாற்றிக் கொடுத்து மூடிவிடுவதால், அங்கே முழுமையான குளறுபடி அரிதாகவே நேர்கிறது. ஒரு மென்பொருளின் ஒலியை இன்னொன்றுக்குக் கடத்தும் மெய்நிகர் கேபிளின் இரு முனைகளிலும் வெவ்வேறு எண் இருக்கும்போதும், சாதனத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும் முறையிலும்தான் அது தலைகாட்டுகிறது. லினக்ஸில் ஒலியைக் கையாளும் பழைய பல்ஸ்ஆடியோவின் இயல்பு வீதம் 44,100, இப்போதைய பைப்வயரில் 48,000. பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சிக்கல் யுஎஸ்பி துளையில் இருக்கிறது. வானொலியையும் கணினியையும் இணைக்கும் இடைமுகப் பெட்டியைக் கழற்றி வேறொரு துளையில் செருகினால், விண்டோஸ் அதைப் புதிய சாதனம் என்று எண்ணி இயல்பு அமைப்புக்குத் திரும்பிவிடுவதுண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததை மறக்காத எங்கள் பகுதியில், அமெச்சூர் வானொலியை அடைமழைக் காலத்துக்கான ஆயத்தமாகவும் சிலர் கருதுகிறார்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத ஓர் இரவில், அவசரமாக மேசையை மாற்றி, கைக்குக் கிடைத்த துளையில் கேபிளைச் செருகும்போதுதான் இந்த அமைப்பு மாறிப்போகும். எனவே துளையின் பக்கத்தில் ஒரு சிறு வில்லையை ஒட்டி அடையாளம் வைக்கும்படி நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

இனிச் சொல்லப்போவது வேறு வகைப் பிழை. இரு பக்கமும் 48,000 என்று எழுதியிருந்தாலும், ஒலி அட்டைக்குள் கடிகாரமாக இயங்கும் பளிங்கு அந்த எண்ணைத் துல்லியமாகத் தருவதில்லை. கொழுந்து நிறுக்கும் மலைத் தராசுக்கும் தொழிற்சாலைத் தராசுக்கும் உள்ள சிறு வித்தியாசம் ஒரு கூடையில் தெரியாமல் மாதக் கடைசியில் தெரிவதைப் போல, இந்தப் பிழையும் நேரம் செல்லச் செல்லவே வெளிப்படும். பத்துலட்சத்தில் 100 பங்கு பிழையை எஃப்டி8 பொருட்படுத்துவதே இல்லை. 1,500 ஹேர்ட்ஸ் சுருதியில் அது 0.15 ஹேர்ட்ஸ் மட்டுமே. படம் அனுப்பும் எஸ்எஸ்டிவி முறையில்தான் அது அகப்படுகிறது. சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹேர்ட்ஸில் படங்கள் அனுப்பும் நாட்களில் பெரும்பாலும் பயன்படுத்தும் பிடி120 முறையில், 640 புள்ளி அகலமுள்ள ஒரு படம் வந்து முடிய ஏறத்தாழ 126 வினாடி ஆகும். அதே 100 பங்கு பிழை இந்த நேரத்தில் 12.6 மில்லிவினாடியாகத் திரள்கிறது, ஒரு புள்ளிக்கு 0.19 மில்லிவினாடி என்பதால் படத்தின் அடிப்பகுதி 66 புள்ளிகள் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். மாணவர்கள் இதை, நகரும் மூலத்தின் அலைவரிசை மாறித் தெரியும் டொப்ளர் விளைவு என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். நிலையம் வினாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதால் டொப்ளருக்கும் ஒரு சிறு பங்கு உண்டுதான், ஆனால் அது பத்துலட்சத்தில் 26ஐத் தாண்டாது. படத்தின் பத்தில் ஒரு பகுதி சரிந்திருந்தால் குற்றவாளி ஒலி அட்டையே.

சரிவு எந்த வடிவில் இருக்கிறது என்று பார்ப்பது மருத்துவர் நாடி பார்ப்பதற்கு நிகரான பயிற்சி என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் அதைக் கற்பது கடினமில்லை. நேர்கோட்டில் சரிந்தால் பளிங்கின் நிலையான பிழை. இப்படங்களை வாசிக்கும் எம்எம்எஸ்எஸ்டிவி மென்பொருளில் நேர நிலையத்தின் வினாடித் துடிப்பைக் கேட்கச் செய்து அதைத் திருத்திக்கொள்ளலாம். எஃப்எல்டிஜி என்ற டிஜிட்டல் முறை மென்பொருளிலும் பெறுதலுக்கும் அனுப்புதலுக்கும் தனித்தனியான திருத்தக் கட்டங்கள் உள்ளன. டொப்ளரால் வளையக்கூடிய விண்நிலையப் படமாக இல்லாதபோதும் சரிவு வளைவாக வந்தால், பளிங்கு சூடேறிக்கொண்டிருக்கிறது. நுவரெலியாவின் தை மாத விடியலில் மலிவான யுஎஸ்பி ஒலி அட்டையைச் செருகிய உடனே அளவீடு செய்தால், வெயில் ஏறிய பின் அந்த எண் பொருந்தாது. அரை மணி நேரம் இயங்கவிட்டு அளப்பதே சரி. படம் நடுவில் படிபோல வெட்டுப்பட்டு விலகினால், பளிங்குக்கு அதில் பங்கில்லை, மாதிரிகள் இடையில் தொலைந்திருக்கின்றன.

இவ்வாறு தொலைவது பெரும்பாலும் இரண்டு கடிகாரங்கள் ஒரே சங்கிலியில் சேரும்போதுதான். ஒரு சாதனத்தில் ஒலி வாங்கி, மெய்நிகர் கேபிள் வழியாக இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது, இரண்டுக்கும் இடையே பத்துலட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் வினாடிக்கு 2.4 மாதிரிகள் மிஞ்சும் அல்லது குறையும். 1,024 மாதிரிகள் கொள்ளும் இடைச்சேமிப்பு ஏறத்தாழ ஏழு நிமிடத்தில் நிரம்பி வழிந்துவிடும் அல்லது வற்றிவிடும். ஆகவே ஒழுங்கான இடைவெளியில் வெட்டு விழுந்தால் கடிகார வித்தியாசத்தையும், ஒழுங்கின்றி விழுந்தால் மின்சேமிப்பு அமைப்பினால் மெதுவாக ஓடும் செயலியையோ பின்னணியில் நடக்கும் புதுப்பித்தலையோ சந்தேகிக்கலாம்.

அனுப்பும் பக்கத்தைக் கடைசியாக வைத்தேன், ஆனால் அங்கே பிழை நேர்ந்தால் தீமை பிறருக்கும் சேர்ந்தே விளைகிறது. வலுமானியின் ஊசி நன்றாக அசைகிறது, பதில் மட்டும் வரவில்லை என்றால் பலரும் செய்வது வலுவைக் கூட்டுவது. வாசிக்க முடியாத ஒரு சமிக்ஞையை இரட்டை வலுவுடன் அனுப்பினால், அது நெருக்கமான பட்டையில் மற்றவர்களின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பெறும் பக்கம் திருத்தப்பட்டுவிட்டது என்பதால் அனுப்பும் பக்கமும் சரியாகிவிடாது. இரண்டும் தனித்தனி அமைப்புகள். குறைந்த வலுவில், அன்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் போலிச் சுமையான டம்மி லோடில் அனுப்பி, பக்கத்து அறையில் வைத்த இன்னொரு வானொலியும் இன்னொரு கணினியும் அதை வாசிக்கின்றனவா என்று பார்த்த பிறகே அன்டெனாவை இணைக்க வேண்டும். அந்த இரண்டாவது கணினியை முன்சொன்ன 1,000 ஹேர்ட்ஸ் வித்தியாசச் சோதனையில் தேறிய பின்னரே சாட்சிக்கு அழைக்க வேண்டும். இரண்டு கணினிகளிலும் ஒரே பிழை இருந்தால் அவை ஒன்றையொன்று தடையின்றி வாசித்துக்கொள்ளும்.