மாதக் கட்டணம் இல்லாத அகாடமி

சிங்கப்பூர்த் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் ‘தேசிய அறிவியல் அகாடமி’ என்றேன். “அது எந்த எம்ஆர்டி ஸ்டேஷன் பக்கத்துல மாமா? மாசம் எவ்வளவு?” என்றாள் அக்கா மகள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. இங்கே அகாடமி என்று பலகை தொங்கினால் உள்ளே துணைப்பாட வகுப்புதான் நடக்கும்.

நாட்டின் பெயரைத் தாங்கிய அகாடமிகள் பலவற்றில் மாணவர்களும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. அப்புறம் என்னதான் வேலை? துறைமுக ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும் கதை ஒன்று உண்டு.

1863இல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, லிங்கன் கையெழுத்திட்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமி பிறந்தது. மரக்கப்பல் போய் இரும்புக் கப்பல் வந்துகொண்டிருந்த காலம். கட்டும்போது சம்மட்டி அடி வாங்க வாங்க, பூமியின் காந்தப்புலத்தில் கப்பலின் உடலே லேசாகக் காந்தமேறிவிடும். திசைகாட்டி முள் வடக்கை விட்டுப் பக்கத்து இரும்பின் பேச்சைக் கேட்கும். அகாடமி முதன்முதலில் அமர்த்திய குழுக்களில் ஒன்று இந்தச் சிக்கலுக்காகத்தான். மருந்து எளியது: கப்பல் இழுக்கும் திசைக்கு எதிராக, திசைகாட்டியின் அருகில் சிறு காந்தங்களைப் பொருத்த வேண்டும். எங்கே, எவ்வளவு தூரத்தில் என்பதைக் கப்பலுக்குக் கப்பல் அளந்து பார்க்க வேண்டும்.

அரசுத் துறை எது கேட்டாலும் ஆராய்ந்து சொல்ல வேண்டும், செலவுப் பணம் உண்டு, கூலி கிடையாது என்கிறது அதன் சாசனம். கூலி இல்லாததில்தான் சூட்சுமம். கேட்டவருக்குக் கசந்தாலும் சொல்லிவிடலாம். ‘அறிவியல் அல்லது கலை’ சார்ந்த எதையும் கேட்கலாம் என்றும் அதில் இருக்கிறது. கலை என்றதும் நாட்டியத்தை நினைக்க வேண்டாம். இரத்தினம் சோதிப்பதையும் ஆயகலைகள் 64இல் சேர்த்தார்களே, அந்தக் கலை.

இத்தகைய அகாடமிக்குள் போக விண்ணப்பப் படிவம் இல்லை. ஏற்கெனவே இருப்பவர்கள் முன்மொழிந்து, ஆய்வுகளைப் படித்துப் பார்த்து, வாக்களிக்க வேண்டும். தகுதியுள்ளவருக்கு மட்டும் இடம் விடும் சங்கப் பலகைதான், போங்கள். சென்னையில் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்ற கணித மேதை ராமானுஜனுக்கு, பிரிட்டனின் அறிவியல் அகாடமியான லண்டன் ராயல் சொசைட்டி 1918இல் இடம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 30. அதே பலகை 1902இல் ஹெர்த்தா அயர்ட்டன் என்ற இயற்பியலாளரைத் தள்ளிவிட்டது. காரணம், அவர் மணமான பெண். 1660இல் தொடங்கிய சங்கத்தில் பெண்கள் உறுப்பினராக 1945 வரை ஆயிற்று. பலகையை வைத்திருப்பவர்களும் மனிதர்கள்தானே.

சரி, சிங்கப்பூர்? இங்குள்ள தேசிய அறிவியல் அகாடமியை ஒரு கூரை எனலாம். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எனத் தனித்தனியாக இயங்கும் சங்கங்கள் அதன்கீழ் நிற்கின்றன. அனைத்துலக அறிவியல் மன்றத்தில் நாட்டின் சார்பில் உட்காருவதும், இளம் அறிவியலாளர் விருதை நடத்துவதும் அதன் வேலைகள். அரசாங்கத்துக்குச் சொந்தமாகவே ஆய்வு அமைப்புகள் நிறைய இருப்பதால், அமெரிக்காவைப் போல அகாடமியின் வாசலில் வந்து நிற்க வேண்டிய தேவை இங்கே குறைவு என்பது என் கணிப்பு.

அக்கா மகள் கடைசிவரை விடவில்லை. “கட்டணமும் இல்ல, கூலியும் இல்ல. அப்ப யாரு மாமா வருவா?” ராமானுஜன் வந்தார் என்றேன். யோசித்துக்கொண்டே பராட்டாவைப் பிய்த்தாள்.