சொல் விளக்கம்: ஸ்லீப் ஆப்னியா

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கு எழுதித் தரும் பரிசோதனைச் சீட்டில், ரத்தப் பரிசோதனை, எக்கோ, எண்டோஸ்கோபி இவற்றோடு ‘ஸ்லீப் ஸ்டடி’ என்று ஒன்றும் இருக்கலாம். வயிற்றில் செய்யும் அறுவைக்குத் தூக்கத்தை எதற்குச் சோதிக்கிறார்கள்? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஆப்னியா கிரேக்க வழி வந்த சொல். மூச்சைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் ‘அ’ சேர்ந்து இன்மைப் பொருள் தருகிறது. ‘அநீதி’யில் வரும் அகரம் மாதிரி. மருத்துவக் கணக்கில், குறைந்தது 10 நொடி மூச்சோட்டம் நின்றால் அது ஓர் ஆப்னியா.

பருமனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு பெயர் பிறக்கும் முன்பே கண்ணில் பட்டது. 1956இல் பர்வெல் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மிகப் பருமனான அந்த மனிதர் சீட்டாட்டத்தில் கையில் அருமையான சீட்டு வந்திருந்தும் பந்தயம் கட்டாமல் தூங்கிவிட்டாராம். டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் எந்நேரமும் தூங்கி வழியும் குண்டுப் பையனை நினைத்து, இதற்கு ‘பிக்விக்கியன்’ என்று பெயர் வைத்தார்கள். இரவில் மூச்சு நின்று நின்று வருவது 1965இல்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் பதிவானது. 1976இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவர் கில்லெமினோவும் சகாக்களும் எழுதிய பிறகு ‘ஸ்லீப் ஆப்னியா’ என்ற பெயர் நிலைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகளில் ‘தூக்கத்தில் மூச்சுத்திணறல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. திணறல் என்பது திணறுகிறவருக்குத் தெரிகிற அவதி. ஆப்னியா உள்ளவருக்கோ பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. குறட்டைச் சத்தம் திடீரென்று அடங்கி, அப்புறம் ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்புவதைப் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியோ கணவனோதான் பார்ப்பார்கள். அறுவைக்கு முன் “மூச்சுத்திணறல் உண்டா?” என்று கேட்டால் அவர் மனசாட்சியோடு “இல்லை” என்பார்; அந்த ஒரு பதிலில் நோய் நழுவிவிடும். நேர்ப்பொருளில் ‘மூச்சு நிற்றல்’ என்று வைக்கலாமென்றால், ‘மூச்சு நின்றுவிட்டது’ என்பதற்கு நம்மிடம் வேறு அர்த்தம், கேட்டவர் பதறிவிடுவார். ‘உறக்க மூச்சின்மை’ சரியான சொல்தான், நாவில் உட்காரவில்லை. பருமனோடு வருவது பெரும்பாலும் தொண்டையில் பாதை அடைபட்டு மூச்சு நிற்கும் வகை என்பதால் அதற்கு ‘உறக்க மூச்சுத்தடை’ என்பதே என் தேர்வு. மூளையிலிருந்து கட்டளை வராமல் மூச்சு நிற்கும் வகைக்கு மூச்சின்மை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தடை எங்கிருந்து வருகிறது? கழுத்திலும் தொண்டைச் சுவரிலும் சேரும் கொழுப்பு மூச்சுப்பாதையைக் குறுக்குகிறது. நாக்கிலும் கொழுப்பு சேரும் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். மல்லாந்து படுத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலின் இடத்தையும் குறைக்கிறது. தூக்கத்தில் தசை தளர்ந்ததும் பாதை மூடிக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை ஒரு கணம் உலுக்கி எழுப்புகிறது. மூச்சு நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் சேர்த்து எண்ணி, பெரியவர்களுக்கு மணிக்கு 5 முறைக்குக் கீழே இயல்பு, 30ம் அதற்கு மேலும் தீவிரம் என்கிறார்கள்.

அறுவை அரங்கில் ஆபத்து கூடுகிறது. மயக்க மருந்தும் ஓபியாய்டு வலிநிவாரணிகளும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும், விழித்தெழும் அனிச்சையையும் மழுங்கடிக்கும். பருமனானவர் உடலில் ஆக்சிஜன் இருப்பும் குறைவு. மூச்சு நின்றால் அளவு சட்டென்று சரியும். முன்பே தெரிந்தால் மயக்க மருத்துவர் மூச்சுக்கான குழாய் பொருத்தவும் ஓபியாய்டைக் குறைக்கவும் அறுவைக்குப் பின் கண்காணிக்கவும் தயாராக இருப்பார். தேவைப்பட்டால் முன்கூட்டியே சீபேப் கருவியைப் பழக்குவார்கள். முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்து வைக்கும் இந்த முறையை சிட்னியில் காலின் சல்லிவன் குழு 1981இல் வெளியிட்டது.

எடை இறங்கினால் தடையும் நன்றாகக் குறையும், ஆனால் எல்லோருக்கும் முழுதாக நீங்குவதில்லை. குறட்டை நின்றுவிட்டது என்று கருவியைத் தானாகப் பரணில் போடாமல், மறுபடி ஒரு ஸ்லீப் ஸ்டடி செய்து பார்த்த பிறகுதான் நிறுத்த வேண்டும்.